அலுமாரியில் இருக்கும் சிவப்புக் கண்ணாடி

போன சனிக்கிழமை நம் படவட்டத்தின் அலுமாரிப் பூட்டின் திறப்பை உங்களிடம் ஒப்படைத்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம் கேட்டார்.

"ரீச்சர், இப்ப கடையளிலை கலர் பிலிம் தாராளமாக் கிடைக்குது. இனியும் என்னத்துக்குக் கறுப்பு வெள்ளையிலை எடுக்கவேணும்?"

"பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தை அழுகிறாள் என்ற சாட்டில் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். மகள் அழவில்லை. நல்ல நித்திரை. எனக்குத்தான் நின்று பதில் சொல்லத் துணிவு வரவில்லை. மானிப்பாயில் இறங்கும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் என் கணவரின் வேலை மாற்றத்தோடு நாங்கள் மட்டக்களப்புக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனிச் சனிக்கிழமைகளில் கமெராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பேன் என்று நான் நினைக்கவில்லை. முப்பத்திமூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் நம் வட்டம் றோணியோவில் அச்சடிக்கும் தாளுக்கு இதை எழுதுகிறேன்.

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பிழையைச் செய்த பொருள் இப்போதும் அலுமாரியின் மேல்தட்டில், ஒரு பழைய மருந்துக் குளிசை டப்பாவுக்குள் இருக்கிறது. கமெராவின் கண்ணுக்கு முன்னால் மாட்டும் சிவப்புக் கண்ணாடி.

நான் வட்டத்தில் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத காலம். கறுப்பு வெள்ளைப் பிலிம் எப்படியோ அங்கொன்று இங்கொன்றாகக் கிடைக்கும். குசினி யன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு நாங்களே கழுவிக்கொள்வோம். கலர் என்றால் வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து தரவேண்டும். எடுத்தபின் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். கப்பலில் வேலை செய்த என் மைத்துனர் ஒருமுறை இரண்டு கலர்ச் சுருள் கொண்டுவந்து தந்தார். ஒரு சுருளில் பன்னிரண்டு படம்.

முதற்சுருளை யாழ்ப்பாணச் சந்தையில் முடித்தேன். செத்தல் மிளகாய் விற்ற ஒருவர் தராசைத் தூக்கிப் பிடித்தபடி, நிறை குறைவு என்று சொன்ன மனுசியோடு வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு முகங்களிலும் அப்படியொரு உயிர். படம் கழுவி வந்ததும் வட்டத்தில் பெருமையோடு காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்:

"உந்த நீல வாளி ஆரின்ரை, ரீச்சர்?"

மூலையில் ஒரு பிளாஸ்ரிக் வாளி இருந்திருக்கிறது. எடுக்கும்போது நான் அதைக் காணவேயில்லை. அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் படத்தில் வாளியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஒரு வருடம் என்னை "வாளி ரீச்சர்" என்றார்கள். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கலர் சத்தம் போடும், கறுப்பு வெள்ளை பிழை விடாது. இரண்டாவது கலர்ச் சுருளை அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். பிறகு மகன் பிறந்தபோது, அது அவனுடைய ஞானஸ்நானத்துக்கு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மகனுக்கு மூன்று மாதமாய் இருந்தபோது வட்டத்திலிருந்து ஆறு பேர் பருத்தித்துறைப் பக்கம் படமெடுக்கப் போனோம். மகனை அம்மாவிடம் விட்டிருந்தேன். பஸ்ஸில் இருந்த நேரம் முழுவதும், புறப்படுமுன் அவன் நெற்றி கொஞ்சம் சுட்டதா இல்லையா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குள் திரும்பிவிடவேண்டும் என்ற அவசரம் வேறு.

கரையில் ஒரு பெண் நின்றாள். இருபத்திமூன்று, இருபத்திநான்கு வயது இருக்கும். சிவப்புச் சேலையின் தலைப்பைக் காற்றுப் பிடுங்க, அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அவள் புருஷனின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும், வராவிட்டால் என்ற பயமும் ஒரே முகத்தில் இருந்தன. அது எனக்குத் தெரிந்த முகம். என் கணவர் வரப் பிந்தினால் நானும் அப்படித்தான் வாசல் படலையில் நிற்பேன்.

எங்கள் தலைவர், நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், பின்னால் வந்து என் கமெராவைப் பார்த்தார்.

"வானம் வெளிறிக் கிடக்குது, பிள்ளை. இந்தக் கண்ணாடியைப் போட்டு எடும். முகில் எழும்பி நிக்கும்" என்று தன் சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்துத் தந்தார்.

என் கமெராவுக்கு இரண்டு கண். மேற்கண்ணால் நாம் குனிந்து பார்ப்போம்; கீழ்க்கண்தான் படம் பிடிக்கும். சிவப்புக் கண்ணாடியை மாட்டியது கீழ்க்கண்ணில். நான் பார்த்தது மேற்கண்ணில். நான் பார்த்ததில் சிவப்பு எல்லாம் இருந்தது.

எடுத்து முடிந்ததும் அவள் திரும்பினாள்.

"படம் தருவியளோ, இல்லாட்டி மற்றவை மாதிரி எடுத்துக்கொண்டு போயிடுவியளோ?"

"அனுப்புவன்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. போன வரியம் ஒருத்தர் எடுத்தவர். அது வந்து சேரேக்கை நான் கிழவியாகிப் போடுவன்."

நான் கொப்பியில் விலாசம் எழுதிக்கொண்டேன். பெயர் ஈஸ்வரி. தெருவில் யாரைப் படமெடுத்தாலும் ஒரு சின்னப் பிரதி தபாலில் அனுப்பவேண்டும் என்பது நான் எனக்கு வைத்த விதி. அந்த விதியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எழுதுகிறேன், மறைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தேன். மகனுக்குக் காய்ச்சல் இல்லை. பக்கத்து வீட்டு மாமி வந்து கண்ணூறு படாமல் இருக்க அவன் நெற்றியில் கறுப்புப் பொட்டு ஒன்று வைத்திருந்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டு இருந்தார். நான் கைலேஞ்சியை நனைத்து அதைத் துடைத்துவிட்டேன். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு. என் நெற்றி, அம்மாவின் நெற்றி, மாமியாரின் நெற்றி எல்லாம் வெறும் நெற்றிதான். வெறும் நெற்றி என்று ஒரு சொல் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லை.

படத்தைக் கழுவிப் பெரிதாக்கியபோது நானே மலைத்துப் போனேன். வானம் கறுத்து, முகில்கள் வெள்ளை வெள்ளையாய் எழும்பி, அவற்றின் முன்னால் வெள்ளைச் சேலை காற்றில் பறக்க ஒரு பெண். சேலை சிவப்பு என்பது எனக்குத் தெரியும். சிவப்புக் கண்ணாடி சிவப்பை வெள்ளையாக்கும் என்பதும் தெரியும். அதுதான் கலை என்று நினைத்தேன். வருடாந்தக் கண்காட்சிக்குப் படம் தெரிவு செய்யும் கூட்டத்தில் அதை வைத்ததும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்:

"பாவம். சின்ன வயசு."

எதற்குப் பாவம் என்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்கவில்லை. தலைவர் "வெள்ளைச் சேலை எண்டே தலைப்பு வைப்பம். வேறை ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார். அப்போதாவது, ஐயா அது வெள்ளையில்லை, சிவப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். முதற்பரிசு என்றார்கள். வட்டத்தில் ஒரு பெண்ணுக்கு முதற்பரிசு அதுதான் முதல்தடவை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு வலிப்பது அந்த இடம்தான், கண்ணாடி இல்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு சின்னப் பிரதியைக் கடித உறையில் வைத்து ஈஸ்வரிக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் என் விலாசத்தையும் வடிவாக எழுதினேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தால் வந்து மகனைத் தூக்கியிருக்கிறேன், படலையில் ஒருவர் நின்றார். நாற்பது வயது வரும். வெயிலில் வெந்த முகம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மடித்த பத்திரிகைக்குள்ளிருந்து என் உறையை எடுத்தார்.

"இது நீங்கள் அனுப்பினதோ, தங்கச்சி?"

"ஓம்."

"நான் ஈஸ்வரியின்ரை மனிசன்ரை தமையன். தம்பி திரும்பவும் கடலுக்குப் போய் இண்டைக்கு நாலு நாள். மூண்டாம் நாள் தபால்காரன் உதைக் கொண்டுவந்து தாறான்."

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். என்ன பிழை என்று தெரியவில்லை. கிழியவில்லை, மங்கவில்லை.

"படம் தெளிவாத்தானே இருக்குது, அண்ணை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார் என்று பிறகுதான் விளங்கியது. கோபத்தோடு வந்த மனிதரின் குரல் இறங்கியது.

"உங்களுக்குத் தெரியாது போல. நெத்தியைப் பாருங்கோ, தங்கச்சி. எங்கை அவளின்ரை பொட்டு? சிவப்புச் சீலையோடை நிண்டவளை வெள்ளைச் சீலை உடுத்தி, பொட்டை அழிச்சு அனுப்பியிருக்கிறியள். தம்பி கடலிலை நிக்கேக்கை அவளை அறுதலியாக்கி அனுப்பிப்போட்டியள்."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சண்டையில்கூட யோசித்துத்தான் சொல்வார்கள். அம்மா விறாந்தையில் இருந்து எழும்பி வந்து மகனை என்னிடமிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார். நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். கண்ணாடி குங்குமத்தையும் வெளிறச் செய்திருந்தது. தோலோடு தோலாக அது கரைந்து போயிருந்தது. ஒரு நாளைக்கு இருபது தரம் ஒரு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். இந்த நெற்றியைப் பெரிதாக்கி, காயவைத்து, ஓரம் வெட்டி, உறையில் போட்டிருக்கிறேன். ஒரு தரமும் பார்க்கவில்லை.

"எங்கடை அம்மா அழுகிறா. அவளைப் பார்க்கப் பயப்படுறா. சனம் வந்து படத்தைக் காட்டு எண்டு கேக்குது. ஈஸ்வரி கதைக்கிறதே இல்லை" என்றார் அவர். "உதின்ரை மூலம் ஒண்டு இருக்குமாமே, சுருள். அது வேணும்."

உள்ளே போய் நெகட்டிவ்களை வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். அந்த நேரம் எனக்கு வந்த யோசனையைச் சொல்கிறேன்: இந்த மனிதருக்கு நெகட்டிவ் பார்த்து விளங்காது. வேறொன்றைக் கொடுத்தால் தெரியாது. நாளைமறுநாள் கண்காட்சி. என் கை உண்மையாகவே பக்கத்து நெகட்டிவில் இருந்தது. உள்ளறையில் மகன் அழுதான். அவன் அழுதபடியால் நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான், அப்படி இல்லை. அவன் அழுதான், நான் அவசரப்பட்டேன், அவசரத்தில் வந்தது உரிய நெகட்டிவ். அவ்வளவுதான்.

அதை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் கொண்டுபோனால், எங்கையோ கிடந்ததைக் கொண்டுவந்து காட்டுறன் எண்டு சொல்லுவினம். நீங்கள் வாங்கோ. வந்து, என்ன நடந்ததெண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

அவர் போனபின் அம்மா சொன்னார்: "நான் அப்பவே சொன்னனான், உந்தக் கமெராவைத் தூக்கிக்கொண்டு திரியாதை எண்டு." அடுத்த நாள் விடியப் பையை அடுக்கும்போது கலர்ச் சுருளை உள்ளே வைத்தேன், வெளியே எடுத்தேன், திரும்ப வைத்தேன். இன்னும் இரண்டு நாளில், ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானம். என் கணவர் சவரம் செய்துகொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கிறியோ வைக்கிறியோ, ஒண்டைச் செய். பஸ் போகப்போகுது."

வைத்தேன்.

கரையில் ஈஸ்வரியின் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவளுடைய மாமியார் வெள்ளைச் சேலையோடு சுவரில் சாய்ந்து இருந்தார். கணவனை இழந்து பல வருடம் என்று பிறகு தெரிந்தது. நான் நின்றபடியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாதே என்ற பயம் வேறு. தலைவரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத சிவப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாமியாரிடம் கொடுத்து, "உதுக்குள்ளாலை ஈஸ்வரியைப் பாருங்கோ, அம்மா" என்றேன்.

மாமியார் கண்ணில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"பொட்டுப் போயிட்டுது" என்றார். எடுத்தார். "வந்திட்டுது."

கண்ணாடி கை மாறியது. ஒவ்வொருவரும் கண்ணில் வைத்து ஈஸ்வரியைப் பார்த்தார்கள். ஈஸ்வரி வாசலில் அசையாமல் நின்றாள். கடைசியில் அவளே அதை வாங்கி, என்னை அதற்குள்ளால் பார்த்தாள்.

"உங்களிலை ஒரு மாற்றமும் இல்லை, ரீச்சர்" என்றாள்.

குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா, இன்றைக்கும் தெரியாது. நான் நெகட்டிவை அவளிடம் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் அவள் முகம் கறுப்பு, சேலை கறுப்பு, வானம் வெள்ளை. குசினிக்குள் போய் அடுப்பில் போட்டாள். அது சுருண்டு, நாறி, முடிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதை அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

வெளியே வந்தவள் என் பையைப் பார்த்தாள்.

"உதுக்குள்ளை கலர் பிடிக்கிறது இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப என்னைப் பொட்டோடை எடுங்கோ. இப்ப. ஒரு சேதியும் வரமுந்தி."

"கழுவி வர மூண்டு கிழமை செல்லும், ஈஸ்வரி. அதுக்குள்ளை..."

"அதுக்குள்ளை என்ன?" என்றாள். முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் ஒரே இடம் இது. எந்தப் பிலிம், எந்த வெளிச்சம், எந்தத் தூரம் என்று நாம் யோசிப்போம். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் ஓடவில்லை. இந்தப் படம் கழுவி வரும்போது இவள் அதைப் பார்க்கக்கூடிய நிலையில் இருப்பாளா? நான் எடுப்பது அவளுக்கு ஆறுதலா, இரண்டாவது கொடுமையா? மறுத்தால், அவள் புருஷன் வரமாட்டான் என்று நானும் தீர்மானித்துவிட்டேன் என்றாகும். அதைத்தான் முன்பு என் கண்ணாடி செய்தது. சுருளைப் போட்டேன்.

அவள் அதே சிவப்புச் சேலையை உடுத்து, பொட்டைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் நின்றாள். இம்முறை கடலைப் பார்க்கவில்லை, கமெராவைப் பார்த்தாள். ஒன்று எடுத்தேன். மிச்சம் பதினொன்றும் மகனுக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு கமெராவை மூடப்போனேன். பின்னால் ஒரு குரல்.

"என்னையும் ஒண்டு, ரீச்சர். என்ரை மனிசனும் அந்த வள்ளத்திலைதான்."

அவள் பின்னால் இன்னொருத்தி. அந்த வள்ளத்தில் போன நால்வரில் மற்ற மூவரின் மனைவிமார், பிறகு வேறு வள்ளங்களில் அன்று கடலில் நின்றவர்களின் மனைவிமார். யார் யாரை அழைத்தார்கள் என்று தெரியவில்லை. ஓலை வேலிக்குப் பின்னால் ஒரு துண்டுக் கண்ணாடி கை மாறுவதும், "நடுவிலை வையடி, சரிஞ்சு போச்சு" என்று ஒருத்தி அதட்டுவதும் கேட்டது. ஒவ்வொருத்தியும் தனியாக வந்து நின்றாள். ஒருத்தி "சிரிக்கலாமோ?" என்று கேட்டாள். "சிரியுங்கோ" என்றேன். சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பதினொன்று முடிந்தது. ஒன்று மிச்சம்.

"மாமியையும் எடுங்கோ" என்றாள் ஈஸ்வரி.

மாமியார் அசையவில்லை. "எனக்கென்னத்துக்கடி கலர்? என்னை உவ முந்தி எடுத்தமாதிரியே எடுக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஈஸ்வரி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கடலுக்கு முன்னால் நிறுத்தினாள். அதுதான் பன்னிரண்டாவது.

மாலை நேராகக் கண்காட்சி மண்டபத்துக்குப் போனேன். பெரிய படம் நடுச்சுவரில் தொங்கியது. தலைவர் கதிரையில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளை, சுவரிலை இருக்கிறது படம். ஆள் இல்லை. ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அவ இருக்கிறா, ஐயா. மனிசனும் இருக்கிறார் எண்டுதான் நம்பிக்கொண்டிருக்கினம்."

"தலைப்பை மாத்துவம்."

"தலைப்பிலை பொட்டு வராது, ஐயா."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். குனிந்து படத்தின் நெற்றியைப் பார்த்தார். "ஸ்டூடியோவிலை எத்தினை கலியாணப் பொம்பிளையளை எடுத்திருப்பன். நெத்தியிலை வேர்வை வந்தால் துடைக்கச் சொல்லுறவன் நான். நானும் பார்க்கேல்லை" என்றார். இருவருமாகக் கழற்றினோம். இடம் வெறுமையாக இருந்தது; அந்த ஆணியை அவர் கழற்றவில்லை. அடுத்த சனிக்கிழமை குளிசை டப்பாவோடு அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து, "இது எனக்கு இனி வேண்டாம், வட்டத்திலை கிடக்கட்டும்" என்று அலுமாரியில் வைத்தார். மேல்தட்டில் நீங்கள் பார்ப்பது அதுதான்.

ஞானஸ்நானம் கறுப்பு வெள்ளையில் நடந்தது. போதகர் மகனின் நெற்றியில் தண்ணீரைத் தொட்டபோது, நான் சேர்ந்து செபம் சொல்லவேண்டிய இடத்தில், கடலில் நிற்கும் நாலு பேரை நினைத்துக்கொண்டு நின்றேன். என் மாமியார் என்னை இடித்துச் சொல்ல வைத்தார். மகன் இப்போது அந்தப் படங்களைப் பார்த்து, "என்ரை சட்டை என்ன கலர், அம்மா?" என்று கேட்கிறான். வெள்ளை என்கிறேன். "அப்ப கலர் தேவையில்லைத்தானே" என்கிறான். அவனுடைய நியாயம் அது.

செவ்வாய்க்கிழமை ஒரு தபாலட்டை வந்தது. தமையன் எழுதியிருந்தார். மூன்று வரி. இயந்திரம் பழுதாகி, காற்று இழுத்துக்கொண்டுபோய்க் கோடிக்கரையில் ஒதுக்கிவிட்டதாம். தம்பி தேவராசாவும் மற்ற மூன்று பேரும் வந்துசேர்ந்துவிட்டார்கள். கடைசி வரி: "கலர் படங்கள் வந்தால் மறவாமல் அனுப்பவும்." நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். படம் கழுவுகிறேன் என்று நினைத்து ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

பன்னிரண்டு படமும் வந்தன. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றில் கலையாக ஒன்றும் இல்லை. நேராக நிற்கும் பன்னிரண்டு பெண்கள். ஈஸ்வரியின் மாமியாரின் படம் மட்டும் வேறு. வெள்ளைச் சேலைக்குப் பின்னால் அத்தனை நீலம்.

மட்டக்களப்புக்குப் போகுமுன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளவேண்டும் என்று போன மாதம் அந்தக் கரைக்கும் போயிருந்தேன். ஈஸ்வரிக்கு மூன்று பிள்ளைகள். மாமியார் காலமாகி ஒரு வருடம்; அவருடைய படமாக அந்தக் கலர்ப் படத்தைத்தான் சாமி அறையில் வைத்திருந்தார்கள். ஈஸ்வரியின் படம் வாசற் சுவரில். அதற்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நீலமெல்லாம் கழன்றுபோய், கடல், வானம், மணல், முகம் எல்லாமே ஒரே சிவப்பாய் வெளிறிக் கிடந்தன. பொட்டு எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

தேவராசா தேத்தண்ணியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"என்ன ரீச்சர் பார்க்கிறியள்? உங்கடை கலர் கடலுக்கும் சேர்த்துப் பொட்டு வைச்சுப்போட்டுது!"

கறுப்பு வெள்ளை ஒரு நொடியில் எடுத்ததை, கலர் ஏழு வருடத்தில் மெதுவாக எடுத்துக்கொண்டது. இரண்டும் எதையோ எடுத்துக்கொள்ளும். ஆகவே எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். எதை இழந்தால் யாருக்கு வலிக்கும் என்று மட்டும் எடுக்குமுன் பாருங்கள். மேற்கண்ணால் பார்த்துவிட்டேன் என்று நம்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத வீட்டில் எடுக்கிறீர்கள் என்றால், அந்த வீட்டாரிடம் ஒருதரம் கேளுங்கள். எனக்கு அதற்கு இத்தனை வருடம் எடுத்தது. அன்றைக்கு என் பையில் இரண்டு பிலிமும் இருந்தன. முதல்தடவையாக ஒருவரிடம் கேட்டேன்.

"ஈஸ்வரி, போகமுந்தி இன்னொரு படம் எடுத்துத் தாறன். கலரோ, கறுப்பு வெள்ளையோ, உங்களுக்கு எது வேணும்?"

அவள் யோசிக்கவேயில்லை. தேவராசாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"இவரும் பக்கத்திலை நிக்கட்டும், ரீச்சர். பிறகு எதிலை எடுத்தாலும் காரியமில்லை."

கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். கண்ணாடி எதுவும் போடவில்லை. ஒரு பிரதி அவர்களுக்கு அனுப்பினேன். இன்னொன்று நம் அலுமாரியில், குளிசை டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஈஸ்வரியின் நெற்றியில் பொட்டு வடிவாகத் தெரிகிறது. ஆனால் இதுவரை அந்தப் படத்தைப் பார்த்த ஒருவரும் பொட்டை முதலில் பார்க்கவில்லை. எல்லோரும் பார்ப்பது, பக்கத்தில் கண் இரண்டையும் மூடிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் அந்த மனிசனைத்தான்.